கல்லோடு வந்த அழையா விருந்தாளிகள்

கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில் பாசி பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்வதைத்தானே செய்வீர்கள்! கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்ப்பீர்கள். நாற்பது வருஷமாக எனக்குக் கைவந்த இந்தச் சுத்தம், போன குளிர்காலத்தில் மூன்று மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் பெரிய விபரீதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் நியூஜெர்சிக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு மீன் தொட்டி என்றால் உயிர். நம் வீடுகளில் தங்கமீன் வளர்க்கிற தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. குட்டிக் கடலையே கூடத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் அடுக்கியிருக்கும் கற்களுக்கு ‘லைவ் ராக்’ என்று பெயராம். “கல்லுக்கு ஏது உயிர்?” என்று கேட்டேன்.

“கல்லுக்கு இல்லை அத்தை. இது செத்துப்போன பவளத்தின் எலும்புக்கூடு. இதன் துளைகளில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் அவை மாற்றிவிடும். தொட்டிக்கு இதுதான் வடிகட்டி” என்றார்.

ஆனால் கல் தனியாக வருவதில்லை. புழு, குட்டி நண்டு, கடற்பஞ்சு என்று பல ஜீவன்கள் டிக்கெட் வாங்காமல் கூடவே வந்துவிடும். அதனால் புதிதாக வாங்கின மூன்று கற்களைத் துணி துவைக்கும் அறையில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் தனியாகப் போட்டு வைத்திருந்தார். சில வாரம் போனதும் ஒரு கல்லில் சட்டைப் பித்தான் அளவுக்குப் பழுப்பாக என்னவோ கொத்துக் கொத்தாகக் கிளம்பிற்று. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம். மாப்பிள்ளை ஆபீஸில். மகளும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பனி, ஜன்னல் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தது. சும்மா இருப்பானேன் என்று அந்தக் கல்லை எடுத்துவந்து சமையலறைத் தொட்டியில் வைத்தேன். ஒரு கையில் பிரஷ். அடுப்பில் வெந்நீர் தளதளவென்று கொதிக்கிறது.

குழந்தைக்குத் துணி எடுக்க வந்த மகள் அலறிவிட்டாள். “ஐயோ அம்மா! அதைத் தொடாதே! வெந்நீரை ஊற்றிவிடாதே!”

கல் பக்கெட்டுக்குத் திரும்பிற்று. நான் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். மனசுக்குள் கொஞ்சம் கோபம்தான். பித்தான் மாதிரி ஒரு பூச்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா!

சாயந்திரம் மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் கோபம் போய், வயிற்றைக் கலக்கிற்று. ஜோவாந்திட் என்ற வகைக் கடல் உயிர்களில் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவா என்ற இனத்தில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவில் கிடைத்த உயிரிலிருந்து விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து 1971-ல் அறிவித்தார்கள். நம் உடம்பின் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் வாசல்கள் உண்டு. ஒரு கதவு திறந்தால் மறு கதவு மூடியிருக்கும். இந்த நஞ்சு இரண்டு கதவையும் திறந்துபோட்டுவிடும். தசை, மூச்சு, இதயம் எல்லாம் தடுமாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வந்த உபாதைக்குத்தான் வைத்தியம்.

கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு சாகாது; ஆவியோடு கிளம்பிவிடும். 2007-ல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் வேண்டாத பாலிப்புகளை ஒழிக்க, நான் செய்யப் போன மாதிரியே கல்லின்மேல் வெந்நீர் ஊற்றி, ஆவியைச் சுவாசித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், குடும்பத்தோடு, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று.

பாலிப் என்றால் மூக்கில் வளரும் சதை என்றுதான் எனக்குத் தெரியும். கடலில், தண்டின் உச்சியில் வாயும், அதைச் சுற்றி விரல்களும் உள்ள இந்த உயிர்களுக்கும் அதே பெயர். அன்று ராத்திரி டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டி, பூதக்கண்ணாடியும் கையுமாகப் பக்கெட்டண்டை உட்கார்ந்தோம். சிவப்பு வெளிச்சத்தில் அவை அவ்வளவாகச் சுருங்கிக்கொள்வதில்லை.

முதல் கல்லில் இருந்தது தனியாக நின்றது. கண்ணாடி மாதிரி உடம்பு. நுனி கூராக நீண்ட விரல்கள். தொட்டியிலிருக்கிற நீண்ட குச்சியால் லேசாகத் தொட்டதும் பொந்துக்குள் ஓடிவிட்டது. அது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி. பிய்த்தால் துணுக்கெல்லாம் புதுசாக முளைத்துவிடும். அதைத் தின்பதற்கென்றே பெப்பர்மின்ட் இறால் வாங்கி விடுகிறார்கள்.

இரண்டாவதில் எண்ணி எட்டே விரல்கள். ஒவ்வொன்றின் ஓரமும் பறவைச் சிறகு மாதிரி கிளைத்திருந்தது. அது மென்பவள வகை.

மூன்றாவதுதான் நம்முடைய பித்தான்! தட்டையான வட்டம். விளிம்பில் கண்ணிமை முடிபோல் குட்டை விரல்கள், இரண்டு வரிசை. அடியில் எல்லாம் ஒரே ஜமுக்காளமாகச் சேர்ந்திருந்தன. தடித்த தண்டில் மணல் பதிந்திருந்தது. பாலிதோவாவின் லட்சணம் இதுதான்.

இதில் நஞ்சு உண்டா, இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கடைகளில் வாங்கிய ஜோவாந்திட்களில் சிலவற்றில் நஞ்சு ஏராளமாக இருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை. ஆகவே எல்லாவற்றிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உங்கள் வீட்டிலோ, பிள்ளைகள் வீட்டிலோ கடல் தொட்டி இருந்தால் இவற்றை மறக்காதீர்கள்:

* தெரியாத பாலிப் உள்ள கல்லைத் தேய்க்கவோ, உடைக்கவோ, வேகவைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ கூடாது. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

* தொட்டே ஆகவேண்டுமென்றால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்குள் வைத்தே கையாளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

* தொட்டித் தண்ணீரை ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். அந்தப் பக்கெட், பிரஷ் எதுவும் சமையலறைக்கு வரக்கூடாது.

* கல்லைத் தூர எறிவதென்றால், ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் புதிதாகக் கலந்து, குறைந்தது அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு எறியுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிளீச்சோடு வினிகரோ, ஆசிட்டோ சேரக்கூடாது.

* கையாண்ட பிறகு நாக்கில் உலோகக் கசப்பு, இருமல், மூச்சுத்திணறல், குளிர்காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு ஏதாவது வந்தால் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் “கடல் தொட்டிப் பவளத்தைத் தொட்டேன்” என்று முதலில் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாது.

இன்னொன்று. ‘அதைத் தொடாதே’ என்று மாப்பிள்ளை மகளிடம் சொல்லியிருந்தார். ஊரிலிருந்து வந்த எனக்குச் சொல்ல இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பாட்டி, வேலைக்காரம்மா, விளையாட வரும் குழந்தைகள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை கார் ஷெட்டின் கதவை அகலத் திறந்துவைத்து, கல்லை பிளீச்சில் போட்டார். அன்று கொதித்த வெந்நீர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வீணாக்குவேனா! ஆறவிட்டு, பச்சைத் தண்ணீர் விளாவி, பேத்தியைக் குளிப்பாட்டினேன்.