கொல்கத்தாவிலிருந்து தீகாவுக்கு: கடலோரப் பயணமும் திட்டமிடுதலும்

விடுமுறைப் பயணமும் ஒரு வகைத் திட்டமே. காலம், பணம், உடல் வலிமை ஆகிய மூன்றும் வரம்புக்கு உட்பட்டவை. இவற்றை எந்தெந்த இனத்தில் எவ்வளவு செலவிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். கொல்கத்தாவில் பணி நிமித்தமாகவோ கல்வி நிமித்தமாகவோ தங்கியிருப்போர் இரண்டு நாட்களில் சாலை வழியே சென்று திரும்பக்கூடிய கடலோரம் கிழக்கு மேதினிபூர் மாவட்டத்தில் உள்ளது. தீகா, சங்கர்பூர், தாஜ்பூர், மந்தர்மணி ஆகியவை அங்குள்ள முக்கியக் கடற்கரைகள். இப்பயணத்தைத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டிய நான்காவது பொருள் ஒன்றும் உண்டு. அது கடற்கரையே. அதுவும் வரம்புக்கு உட்பட்டதுதான்.

சாலையும் வழியில் உள்ள ஊர்களும்

கொல்கத்தாவிலிருந்து தீகா சுமார் 185 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வித்யாசாகர் பாலத்தைக் கடந்து தேசிய நெடுஞ்சாலை 16-இல் சென்றால், கோலாகாட்டில் ரூபநாராயண் ஆறு குறுக்கிடும். பிறகு நந்தகுமார் வரை தெற்கு நோக்கிச் சென்று, அங்கிருந்து 116பி சாலையில் காந்தி நகர் வழியாகத் தீகாவை அடையலாம். (காந்தி என்பது இங்கே மகாத்மாவின் பெயரன்று, ஆங்கிலேயர் கான்டாய் என்று எழுதிய பழைய ஊர்.) இடையே சிற்றுண்டிக்கு நிற்பதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குவது நலம். விடியற்காலையில் புறப்பட்டால் நகரின் நெரிசலையும் நண்பகல் வெயிலையும் ஒருங்கே தவிர்க்கலாம்.

இவ்வழியில் வரலாறும் உண்டு. நந்தகுமாரை அடுத்துள்ள தம்லுக், பண்டைய தாமிரலிப்தித் துறைமுகம் இருந்த இடமாகக் கருதப்படுகிறது. சீன யாத்திரிகர் பாஹியான் ஐந்தாம் நூற்றாண்டில் அத்துறைமுகத்திலிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்ததால் துறைமுகம் மறைந்தது. இன்று தம்லுக் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே கிடக்கும் ஊர். காந்தி நகரைக் கடந்தால் வரும் பிச்சாபனி, 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின் முக்கியக் களங்களுள் ஒன்று. வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் இவ்வட்டாரத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். 1866-இல் வெளிவந்த அவருடைய 'கபாலகுண்டலா' இக்கடலோரத்தையே களமாகக் கொண்டது.

ஓதத்தின் கால அட்டவணை

இரயில் பயணத்துக்குக் கால அட்டவணை எப்படியோ, கடற்கரைப் பயணத்துக்கு ஓதத்தின் அட்டவணை அப்படி. நாளொன்றுக்கு இரு முறை கடல் ஏறுகிறது. இரு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிவதால், ஏற்ற நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்ற வாரம் காலையில் அகன்று விரிந்திருந்த மணற்பரப்பு இந்த வாரம் அதே நேரத்தில் நீருக்கடியில் இருப்பதற்குக் காரணம் இதுவே. வங்கக் கடலோரத்தின் மணற்பரப்பு மிகவும் குறைந்த சரிவுடையது. ஆகையால் நீர்மட்டம் சிறிது உயர்ந்தாலும் கடல் நெடுந்தூரம் உள்ளே வந்துவிடும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் மிகுதி. 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் கரையைக் கடந்தது. அன்று பௌர்ணமி. புயலும் ஓதமும் சேர்ந்து, கரையைக் கடந்த இடத்துக்கு அப்பாலிருந்த தீகா, சங்கர்பூர், மந்தர்மணி ஆகிய ஊர்களிலும் கடல் புகுந்தது. எனவே ஓத நேரத்தையும் வானிலைத் துறையின் அறிவிப்பையும் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை.

நகரும் கரை

தீகா பழைய தலம். பதினெட்டாம் நூற்றாண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே இப்பகுதி, பீர்குல் என்ற பெயரில், ஐரோப்பியரின் கோடை வாசத்தலமாயிருந்தது. விடுதலைக்குப் பின்னர் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் இதனைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க முற்பட்டார். ஆனால் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. ஊரைக் காக்கக் கற்சுவர் எழுப்பப்பட்டது. சுவர் ஊரைக் காத்ததே தவிர, மணலைக் காக்கவில்லை. சுவரில் மோதித் திரும்பும் அலை, அதன் அடியிலுள்ள மணலை வாரிச் செல்லும் இயல்புடையது. பழைய தீகாவில் ஏற்ற நேரத்தில் நடப்பதற்கு மணலே இல்லாமற்போவதையும், கற்கள் மட்டுமே தென்படுவதையும் பயணிகள் காணலாம். ஒரு தீங்கைத் தடுக்கும் செலவு மற்றொரு தீங்கைத் தோற்றுவிக்கலாம் என்பதற்கு இது கண்கூடான சான்று.

மணலின் மேல் வாகனம்

மந்தர்மணியின் மணல் இறுகிக் கெட்டியாக இருப்பதால் அதன் மீது மோட்டார் வண்டி ஓட்டுவது நெடுங்காலம் ஒரு கவர்ச்சியாகக் கருதப்பட்டது. விபத்துகள் நேர்ந்தபின் தடை விதிக்கப்பட்டது. மனித உயிர் மட்டுமன்று, செந்நண்டுகளின் வாழ்வும் இதில் அடங்கியுள்ளது. இந்நண்டுகள் மணலில் வளை தோண்டி வாழ்கின்றன. அவ்வளைகள் வழியே மணலுக்குள் காற்றும் நீரும் செல்கின்றன. சக்கரம் ஏறினால் வளை மூடிக்கொள்ளும். வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு அசையாமல் சற்று நேரம் நின்றால் போதும். கரை சிவந்து நிறைவதைக் காணலாம்.

கரையோர ஒழுங்குமுறை விதிகள் 1991-இலிருந்து நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளை மீறியதாகக் கூறி, மந்தர்மணி வட்டாரத்தில் சுமார் 140 விடுதிகளை இடிக்குமாறு 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. கல்கத்தா உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. விடுதிகளை நம்பி வாழும் குடும்பங்கள் ஒரு புறம், அவ்விடுதிகள் எந்தக் கரையை நம்பி எழுந்தனவோ அக்கரை மறு புறம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாமையே இப்பிரச்சினையின் கடினம்.

செலவும் முதலும்

வாகனச் செலவு நான்கு பேர் சென்றாலும் ஒருவர் சென்றாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சேர்ந்து செல்வது சிக்கனம். சனி, ஞாயிறுகளிலும் விழாக் காலங்களிலும் தேவை ஒரே நேரத்தில் குவிவதால் அறை வாடகை உயர்கிறது. 2025 ஏப்ரலில் தீகாவில் ஜகந்நாதர் ஆலயம் திறக்கப்பட்டதிலிருந்து கூட்டம் மேலும் பெருகியுள்ளது. வார நடுவில் செல்பவருக்குச் செலவும் குறைவு. கரைக்குச் சுமையும் குறைவு. முதல் நாள் தாஜ்பூரையும் மந்தர்மணியையும் பார்த்துத் தங்கி, மறுநாள் காலை தீகா முகத்துவாரத்தின் மீன் ஏலத்தைக் கண்டு திரும்பலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கடற்கரை ஈட்டித் தரும் வருவாய், வட்டியைப் போன்றது. மணலும் சவுக்குத் தோப்பும் செந்நண்டும் முதலைப் போன்றவை. வட்டியைச் செலவிடுவதில் குற்றமில்லை. முதலில் கை வைக்காமல் திரும்பி வரும் பயணமே நன்கு திட்டமிடப்பட்ட பயணமாகும்.