மின்கம்பியைச் சுற்றி என்ன இருக்கிறது?



வயர்மேனாக உழைத்து ஓய்வு பெற்றவன் என்பதால், மின்சாரத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள். எதை எழுதுவது என்று யோசித்தபோது, திருப்பணிக் கூட்டமொன்றில் மூத்த அம்மையார் ஒருவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "தம்பி, செம்பனைக் காட்டு மேலே பெரிய கம்பி போவுதே, அதுலேருந்து ஏதோ கதிர் வருதாமே. கோயிலுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றார். நியாயமான கேள்வி. அதே கூட்டத்தில் இரத அலங்காரத்தின் உயரத்தைக் கூட்டுவது பற்றியும் பேசினோம். அதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் மின்சாரம் என்றால், இரவில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். இன்று 230 வோல்ட்டு நம் வீட்டுக்குள் வருகிறது. சாலையோரக் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ட்டு செல்வதுண்டு. பெரிய கோபுரங்களில் 132,000 முதல் 500,000 வோல்ட்டு வரை பாய்கிறது. இந்தக் கம்பிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புலங்கள் இருக்கின்றன.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடியிருந்தாலும் உள்ளே அழுத்தம் உண்டு. அதைப் போன்றது வோல்ட்டு. வோல்ட்டு இருந்தாலே கம்பியைச் சுற்றி மின்புலம் இருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும். அதைப் போன்றது மின்னோட்டம், அதாவது ஆம்பியர். மின்னோட்டம் ஓடும்போது மட்டுமே காந்தப்புலம் உண்டாகும்.

இந்தக் காந்தப்புலத்தை 1820ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஊர்ஸ்டெட். கம்பியில் மின்னோட்டம் விட்டதும் பக்கத்திலிருந்த திசைகாட்டியின் முள் அசைந்ததை அவர் கண்டார். கம்பியைக் கட்டைவிரல் மின்னோட்டத் திசையைக் காட்டும்படி வலக்கையால் பிடித்திருப்பதாகக் கற்பனை செய்தால், மற்ற விரல்கள் வளையும் திசையே காந்தப்புலம் சுழலும் திசை. படிவம் ஐந்து மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். 100 ஆம்பியர் ஓடும் தனிக் கம்பியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. 10 மீட்டர் தள்ளி நின்றால் அது 2 ஆகிவிடும். கோபுரங்களில் மூன்று கட்டக் கம்பிகள் சேர்ந்து செல்வதால் ஒன்றின் புலத்தை மற்றவை பெருமளவு தணித்துவிடும். ஆகவே விலக விலக அது இன்னும் வேகமாகக் குறையும். நாம் நிற்கும் பூமியின் காந்தப்புலமே நம் நாட்டில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆனால் அது அசையாமல் நிற்பது. மின்கம்பியின் புலமோ வினாடிக்கு 50 முறை மாறி மாறி வருவது.

இது எக்ஸ்ரே போன்ற கதிர் அன்று. பொதுமக்களுக்கான அனைத்துலகப் பாதுகாப்புப் பரிந்துரை 2010ஆம் ஆண்டில் 200 மைக்ரோடெஸ்லா என வகுக்கப்பட்டது. ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய சில ஆய்வுகளை வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002இல் இக்காந்தப்புலத்தைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. பாலர் பள்ளி கட்ட இடம் தேர்ந்தெடுக்கும்போது கம்பிப் பாதையிலிருந்து தள்ளியே கட்டுவது விவேகம். ஆலயத்துக்கு வந்து போகும் பிள்ளைகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

மின்புலத்தின் போக்கு வேறு. சுவரும் மரமும் அதைத் தடுத்துவிடும். ஆனால் வெட்டவெளியில் அதன் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். 2004இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர், உயர் அழுத்தக் கம்பியின் கீழே வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழல் விளக்குகளை நட்டார். எந்த இணைப்பும் இல்லாமலே அவை மினுங்கின. அத்தகைய கம்பிக்குக் கீழே தகரக் கொட்டகையைத் தொட்டால் சுரீர் என்பதும் இதனால்தான். கூரையை முறையாக எர்த் செய்தால் அது நின்றுவிடும்.

மின்புலம் கூர்மையான முனையில் குவியும். இரதத்தின் கலசம் அப்படிப்பட்ட முனை. கம்பிக்கு மிக அருகில் போனால் காற்றையே பிளந்துகொண்டு மின்சாரம் பாயும், தொட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரே கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, அது தரையைத் தொடவில்லை. இரதமோ தரையில் நிற்கிறது, அதை இழுப்பவர்களும் தரையில் நிற்கிறார்கள்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழா நடந்தது. தேர் ஒரு திருப்பத்தில் திரும்பியபோது அதன் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே நம் ஊர்வலங்களிலும் மூங்கில் கவையால் கம்பியைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். 11,000 வோல்ட்டுக்கு முன் காய்ந்த மூங்கிலையும் நம்பக்கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இவைதாம். திருவிழாவுக்கு முன்பே பாதை நெடுகிலும் கம்பிகளின் உயரத்தை மின்வாரியத்தாரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். சாலையை மேடாக்கியிருந்தால் மீண்டும் அளக்க வேண்டும். அலங்காரத்தின் உச்சியைக் குறைத்துச் செய்யுங்கள், அல்லது மடக்கும்படி செய்யுங்கள். இடைவெளி போதாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தித் தரும்படி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். விபத்து நேர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை இரதத்தையோ விழுந்தவர்களையோ யாரும் தொடக்கூடாது.

இரத உபயம் ஏற்கும் அன்பர்கள் "எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்பது வழக்கம். இனி "கம்பிக்கும் கலசத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.