உரசிய காரின் எண் எங்கே போனது?

மாணவர்களே, இப்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். காலை 9 மணிக்கு அப்பா அலுவலக வளாகத்தில் காரை நிறுத்துகிறார். மாலை 6 மணிக்கு வந்து பார்த்தால் முன்பம்பரில் நீளமாக ஒரு கீறல். உரசியவர் நிற்காமல் போய்விட்டார். "பரவாயில்லை, கேமரா பார்த்திருக்கும்" என்று அப்பா ஆறுதல் அடைகிறார். கார் நிற்கும்போதும் இடைவிடாமல் பதிவு செய்யும் டேஷ்கேம் அது. தரத்தையும் ஆக உயர்ந்த 4கே-யில்தான் வைத்திருக்கிறார். ஆனால், பிற்பகல் ஒன்றேகாலுக்கு முந்திய பதிவு எதுவுமே அதில் இல்லை!

கேமரா பழுதாகவில்லை. அதன் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் சிக்கல். அமைப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் புதிரை நீங்களே விடுவித்துவிடலாம்.

எத்தனை புள்ளிகள்?

டேஷ்கேம் எடுக்கும் படம், பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. 1080பி என்றால் அகலத்தில் 1920 புள்ளிகள், உயரத்தில் 1080 புள்ளிகள்; மொத்தம் ஏறத்தாழ 2 மில்லியன். 4கே-யில் 3840 × 2160, அதாவது 8 மில்லியனுக்கும் மேல்.

கேமராவின் வில்லை 120 பாகை அகலத்துக்குப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1080பி-யில் ஒரு பாகைக்குச் சராசரியாக 1920 ÷ 120 = 16 புள்ளிகள். மலேசியக் கார்களின் எண் பட்டையில் ஓர் எழுத்தின் உயரம் 7 சென்டிமீட்டர். 10 மீட்டர் தொலைவில் அது வெறும் 0.4 பாகைதான். ஆகவே, அந்த எழுத்துக்குக் கிடைப்பது ஆறு புள்ளி உயரம் மட்டுமே. ஆறு புள்ளிகளில் '8'-க்கும் '6'-க்கும் வேறுபாடு காண்பது கடினம். 4கே-யில் 13 புள்ளிகள் கிடைக்கும். 4கே-யால் பயன் உண்டு என்பது உண்மைதான். ஆனால், கதை அதோடு முடியவில்லை.

ஒரு விநாடிக்கு எத்தனை பிட்?

ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் தேவை. விநாடிக்கு 30 படங்கள் என்றால், 1080பி காணொளிக்கே விநாடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் மெமரி கார்டு ஆறு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அதனால் கேமரா காணொளியைச் சுருக்குகிறது. அவ்வப்போது ஒரு முழுப்படத்தைச் சேமித்து, இடையில் வரும் படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. வானமும் காரின் முன்மூடியும் அதிகம் மாறுவதில்லை. அங்கே இடம் மிச்சமாகிறது.

இப்படிச் சுருக்கிய காணொளிக்கு விநாடிக்கு எவ்வளவு தரவு என்பதே பிட் வீதம். அடைமழையில் துளிகள், துடைப்பான், தெறிக்கும் நீர் என எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். அப்போது ஒதுக்கிய பிட்டுகள் போதாமல் போனால், நுணுக்கமான விவரங்கள் முதலில் பலியாகின்றன. எண் பட்டையின் எழுத்துகள் அந்த வகைதான்.

பிட் வீதத்தை உயர்த்தாமல் 4கே-க்கு மாறுவது, நான்கு பேருக்கு வடித்த சோற்றைப் பதினாறு பேருக்குப் பரிமாறுவதைப் போன்றது. படம் பெரிதாக இருக்கும். எழுத்து மட்டும் கரைந்திருக்கும். உங்கள் கேமராவில் எச்.265 என்ற தேர்வு இருந்தால் அது உதவும். 2013-இல் வெளிவந்த இந்தச் சுருக்க முறை, பழைய எச்.264-ஐவிட ஏறத்தாழ பாதி பிட்டில் அதே தரத்தைத் தரவல்லது.

ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள்?

நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். விநாடிக்கு 30 படங்கள் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். 60 படங்கள் என்றால் அரை மீட்டர். எண் தெளிவாகத் தெரியும் ஒரு படமாவது சிக்குவதற்கு வாய்ப்பு கூடும்.

இரவில் இன்னொரு தடை வருகிறது. போதிய ஒளி கிடைக்க, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளியை வாங்குகிறது. அந்த நேரத்துக்குள் எதிரே வரும் கார் நகர்ந்துவிடுவதால் அதன் எண் கோடாக இழுபடும். இதை 4கே-யால் சரிசெய்ய முடியாது. உங்களுக்கு முன்னால் அதே வேகத்தில் செல்லும் காரின் எண் மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், இரண்டுக்கும் இடையிலான சார்பு வேகம் மிகக் குறைவு என்பதே.

எத்தனை மணி நேரம்?

இப்போது புதிருக்கு வருவோம். மெமரி கார்டு நிரம்பியதும் டேஷ்கேம் ஆகப் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். அப்பாவின் கேமராவில் பிட் வீதம் விநாடிக்கு 30 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால், அது 3.75 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 13.5 ஜிகாபைட். 64-ஐ 13.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.7 மணி நேரம். மாலை 6 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: பிற்பகல் ஒன்றேகால்!

1080பி-யில் 15 மெகாபிட் வைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரப் பதிவு தங்கியிருக்கும். 4கே-யே வேண்டுமென்றால் 128 ஜிகாபைட் கார்டு போட்டிருக்கலாம். அதிர்வை உணர்ந்து பதிவை அழியாமல் பூட்டும் வசதி இருந்தாலும், மெல்லிய உரசல் அதற்கு எட்டாமல் போகலாம். அதன் உணர்திறனைக் கூட்டிவிட்டால், வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் ஒரு பதிவு பூட்டப்பட்டு கார்டு நிரம்பும்.

மலேசியாவில் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதற்குள் சான்று அழிந்துவிடாமல் இருக்க, அந்தப் பதிவை உடனே பூட்டுங்கள்; அல்லது கேமராவை அணைத்துவிட்டு கார்டை எடுத்து வையுங்கள்.

இந்த வாரம் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நின்றுகொண்டிருக்கும் ஒரு காரிலிருந்து 5 மீட்டர், பிறகு 10 மீட்டர் தொலைவில் உங்கள் காரை நிறுத்தச் சொல்லுங்கள். பகலிலும் இரவிலும், ஒவ்வோர் அமைப்பிலும் பதிவு செய்து, எண் எதில் படிக்க முடிகிறது என்று அட்டவணை போடுங்கள். எண் தெரிகின்ற அமைப்புகளில், உங்கள் கார்டில் அதிக நேரம் தங்குவது எதுவோ, அதுதான் உங்கள் காருக்கு ஏற்றது.

இன்னொன்று: பெரும்பாலான டேஷ்கேம்கள் ஒலியையும் பதிவு செய்கின்றன. அருகில் ஒரு கார் இடித்துவிட்டுப் போவதைக் கண்டால், அதன் எண்ணை உரக்கப் படியுங்கள். படத்தில் எழுத்து மங்கினாலும் உங்கள் குரல் பதிவாகியிருக்கும்.