பழைய லோரிக்குப் புதிய அப்சோர்பர்

நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டுவது நமக்குப் புதிதல்ல. உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் சேலையோ கைலியோ. குழந்தையைப் படுக்க வைத்து ஒரு முறை இழுத்து விட்டால் தூளி மேலும் கீழும் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு அது சுகம். சாலையில் ஓடுகிற லோரிக்கு அதே ஆட்டம் ஆபத்து.

லோரியும் ஸ்பிரிங்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்பிரிங் அமுங்கி விரிகிறது. அதை அப்படியே விட்டால் வண்டி தூளியைப் போல ஆடிக்கொண்டே போகும். ஆடும் தூளியை நிறுத்தத் தாய் கை வைக்கிறாள் அல்லவா? அந்தக் கையின் வேலையை லோரியில் செய்வதுதான் அப்சோர்பர்.

பழைய லோரிக்கு, நம் கையிலுள்ள பணத்துக்குள், சரியான அப்சோர்பர் வாங்குவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. வண்டி ஓட்டும் பிள்ளைகள் மட்டுமல்ல, வீட்டுக் கணக்கைப் பார்க்கும் தாய்மார்களும் இதைக் கேட்க வேண்டும். ஏன் என்று சொல்லுகிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பம். தகப்பனார் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதியில் வந்த பணத்தில், மூன்று கை மாறிய ஒரு சின்ன லோரியை மகன்களுக்கு வாங்கிக் கொடுத்தார். சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவர்கள் தொழில். ஒரு குலையின் எடை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை இருக்கும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. தாமதமானால் எண்ணெயின் தரம் குறையும். ஆகவே லோரி ஒரு நாள் படுத்துவிட்டால், அந்த ஒரு குடும்பம் மட்டுமல்ல, குலை கொடுத்தவர்களும் நட்டப்படுவார்கள்.

அந்த லோரியின் பின்பக்கம் தாழ்ந்து போயிற்று. ஒரு கடையில் கேட்டார்கள். "நான்கு அப்சோர்பரையும் மாற்று, கனரக வகையாகப் போடு" என்று சொன்னார்கள். தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். புது அப்சோர்பர் ஏறியது. ஆனால் வண்டியின் பின்பக்கம் நிமிரவில்லை. மூன்றாவது வாரம் ஆலைக்குப் போகும் மேட்டில் ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்து, குலைகள் சாலையில் உருண்டன. நல்ல வேளை, பின்னால் யாரும் வரவில்லை. கழற்றிப் பார்த்தபோது, முறிந்த பட்டையில் பழைய விரிசல் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கெட்டது ஸ்பிரிங், மாற்றியது அப்சோர்பர்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம்: அப்சோர்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். தூளியில் குழந்தையின் எடையைத் தாங்குவது தாயின் கையா? இல்லை, மேலே உள்ள ஸ்பிரிங்தான். கை, ஆட்டத்தை மட்டும் அடக்குகிறது. ஆகவே வண்டி தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். வண்டி ஆடினால் அப்சோர்பரைப் பாருங்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

அப்சோர்பருக்குள் என்ன இருக்கிறது? ஓர் இரும்புக் குழாய். அதில் எண்ணெய். எண்ணெய்க்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன். அந்தப் பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும் உண்டு. சக்கரம் ஆடும்போது எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் கையை மெதுவாக நகர்த்தினால் எளிதாகப் போகிறது. வேகமாக வீசினால் தண்ணீர் தடுக்கிறது. அதே தடைதான் இங்கேயும். ஆட்டத்தின் வேகம் எண்ணெயில் சூடாக மாறி வெளியேறுகிறது. அதனால்தான் வேலை செய்யும் அப்சோர்பர் ஓட்டத்துக்குப் பின் சூடாக இருக்கும்.

இனி, அப்சோர்பர் கெட்டுவிட்டது என்பதை எப்படி அறிவது? நான்கு அடையாளங்கள் சொல்லுகிறோம்.

முதலாவது, எண்ணெய்க் கசிவு. குழாயின் மேற்பகுதியில் இலேசான ஈரப்பூச்சு இருந்தால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து, அதில் செம்மண் ஒட்டிக் கட்டியாக இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள்.

இரண்டாவது, டயர். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கக் கூடும்.

மூன்றாவது, சூடு. குண்டும் குழியுமான பாதையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு குழாய்களையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். புகைக்குழாயில் கை படாமல் கவனம். மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை.

நான்காவது, ஓட்டம். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடுவது, பிரேக் போட்டால் முன்பக்கம் அதிகமாகக் குனிவது, வளைவில் சாய்வது. இவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்திருந்தால்தான் பிரேக் பிடிக்கும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

'டக் டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறதா? அப்படியானால் அவசரப்பட்டு அப்சோர்பரை மாற்ற வேண்டாம். அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். புஷ் தனியாகக் கிடைக்கும் வண்டிகளில் அதை மட்டும் மாற்றினால் போதும். மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை அது.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை சில. வண்டியின் பெயர், மாடல், வருடம், சேசிஸ் எண். பழைய அப்சோர்பரில் பாக எண் தெரிந்தால் அதுவும். பிறகு மேல்முனையும் கீழ்முனையும் எப்படிப்பட்டவை என்பது: வளையமா, திருகு வைத்த கம்பியா? கடைசியாக நீளம். பழையதைக் கழற்றி, முழுக்க அமுக்கி ஓர் அளவும் முழுக்க இழுத்து ஓர் அளவும் எடுங்கள். அமுங்கிய நீளம் அதிகமாக உள்ளதை வாங்கினால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் முட்டு ரப்பரைத் தொடுமுன்பே அப்சோர்பர் முட்டிக்கொள்ளும்; பிடிமானம் உடையும். விரிந்த நீளம் குறைவாக உள்ளதை வாங்கினால், சக்கரம் தொங்கும்போது இழுபட்டுக் கிழியும். முன்பு இருந்தவர் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால், கம்பெனி அளவு பொருந்தாமல் போகலாம். அப்போது அளந்து வாங்குவது ஒன்றே வழி.

வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் மட்டும் உள்ளவை விலை குறைந்தவை. தாமான் சாலையில் மெதுவாக ஓடும் வண்டிக்கு இவை போதும். எண்ணெயோடு சிறிது நைட்ரஜன் வாயுவும் அடைத்தவை சற்று விலை கூடியவை. நீண்ட செம்மண் பாதையில் ஓயாமல் ஆடும்போது சாதாரண அப்சோர்பரில் எண்ணெய் நுரைத்துப் போகும். நுரைத்த எண்ணெய்க்குத் தடுக்கும் சக்தி குறைவு. வாயுவின் அழுத்தம் அந்த நுரையைக் குறைக்கும். தினமும் தோட்டப் பாதையில் குலை ஏற்றுகிறவர்களுக்கு இந்த வகையே சிக்கனம். "கனரகம்" என்று எழுதியதெல்லாம் நமக்கு நல்லது என்று எண்ண வேண்டாம். தேவைக்கு மேல் விறைப்பானதைப் போட்டால், வெறும் வண்டி திரும்பி வரும்போது சரளைக் கல்லில் முயல்போலத் துள்ளும்.

மலிவு என்று ஏமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, பழைய சாமான் கடையில் கழற்றி வைத்தது. கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம், அப்சோர்பர் வேண்டாம். அதன் தேய்மானம் வெளியே தெரியாது. இரண்டு, பழையதைத் துளைத்து, எண்ணெய் நிரப்பி, பற்றவைத்துச் சாயம் பூசியது. உள்ளே தேய்ந்த சீலும் வால்வும் அப்படியேதான் இருக்கும். குழாயில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, பேர்பெற்ற கம்பெனியின் பெட்டியில் போலிச் சரக்கு. பெட்டியில் உள்ள எண்ணும் பொருளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ஒரு கடையில் மட்டும் பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். ரசீதும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

நான்கும் வாங்கப் பணம் இல்லையென்றால் என்ன செய்வது? ஒன்றே ஒன்று மட்டும் மாற்றுவதைத் தவிருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் அடங்கும், மறுபக்கம் ஆடும். ஜோடியாகவே மாற்றுங்கள். எந்த ஜோடி மிகவும் கெட்டிருக்கிறதோ அது முதலில். இரண்டும் ஒரே அளவு கெட்டிருந்தால் முன் ஜோடி முதலில். ஏனென்றால் ஸ்டேரிங் முன் சக்கரங்களைத்தான் திருப்புகிறது, பிரேக் போடும்போது பாரமும் அங்கேதான் சாய்கிறது. பின் ஜோடிக்கு அடுத்த மாதங்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே மாட்டுகிற பிள்ளைகளுக்குச் சில எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடை கொடுத்து, இரும்புத் தாங்கி வைத்த பிறகே வேலை. எண்ணெய் அப்சோர்பரை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுங்கள்; படுத்திருந்தபோது உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். பளபளப்பான கம்பியைக் குறடால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், அது சீலை அறுத்துவிடும். வளைய முனைப் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகு இருக்கட்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கழற்றிய வாயு அப்சோர்பரை நெருப்பில் போடவோ அறுக்கவோ கூடாது. அது வெடிக்கக் கூடியது.

அடியில் இருக்கும்போதே ஸ்பிரிங் பட்டைகளையும் பாருங்கள். மண்ணைத் துடைத்து, விரிசல் உண்டா, யூ போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தொழில் வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்த நாள் நெருங்கும்போது ஓடுவதைவிட, மாதம் ஒரு முறை நாமே பார்த்துக்கொள்வது மேல்.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். முறிந்த பட்டையை மாற்றினார்கள். அளவுக்கு மேல் ஏற்றுவதையும் நிறுத்தினார்கள். லோரி இன்றும் ஓடுகிறது. "அன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் என் சீட்டுப் பணம் தப்பியிருக்கும்" என்று அந்தத் தாயார் நம்மிடம் சொன்னார். கடைக்காரர் சொல்வதைக் கேட்போம். ஆனால் அதற்கு முன் நாமே குனிந்து பார்ப்போம். சேமநிதியிலும் சீட்டிலும் சேர்த்த காசு, வியர்வை சிந்திச் சேர்த்த காசு அல்லவா?