பாலுக்குள் ஒரு விளக்கு

எழுத்தாளரிடமோ ஓவியரிடமோ பேட்டி எடுக்கப் போகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "இந்தப் படைப்பு உங்களுக்குள் எப்படி உருவானது?" என்பதுதான். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அதே கேள்விக்குப் பல தடவை பதில் சொல்லிச் சொல்லி, அவர் வாயில் அந்தப் பதில் தேய்ந்து போயிருக்கும். யோசிக்காமலே சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக, "மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கிழவியின் முகத்தை ஏன் கடைசிவரை காட்டவே இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். சற்று நேரம் பேசமாட்டார். பிறகு வருவது அவர் அப்போதுதான் யோசித்த பதிலாக இருக்கும்.

இதை வெறும் யோசனையாகச் சொல்வதைவிட, நடந்த ஓர் உரையாடலை எடுத்துச் சொன்னால் தெளிவாகப் புரியும்.

1962 ஆகஸ்ட். ஹாலிவுட்டில், யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஓர் அலுவலக அறை. ஒருபக்கம் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 63 வயது. எதிரே பிரான்சிலிருந்து வந்த இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ, 30 வயது. இருவருக்கும் நடுவே ஹெலன் ஸ்காட் என்ற அம்மையார். த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் போதாது. கேள்வி, பதில் இரண்டையும் ஹெலன் அங்கேயே மொழிபெயர்த்துச் சொன்னார். டேப் ரெக்கார்டர் ஓடியது. பேச்சு ஒரு வாரம் போல நீடித்தது. 1966-இல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில். கலைஞர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசிய புத்தகங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஹிட்ச்காக்கின் மதிப்பு எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் த்ரூஃபோ ஏன் வந்தார் என்பது விளங்கும். வசூல் இருந்தது. தொலைக்காட்சியில் வந்து பேசுவதால் முகமும் எல்லாருக்கும் தெரியும். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பெயர் போயிருந்தும் ஒருமுறைகூடக் கையில் கிடைக்கவில்லை. விமர்சகர்கள் அவரைத் திகில் படம் காட்டிப் பிழைக்கிறவர் என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க் போனபோது த்ரூஃபோவிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள்: இவரைப் போய் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள் என்று. அதற்கான பதிலாகத்தான் இந்தப் புத்தகத்தைத் திட்டமிட்டார். வாதாடிப் புரியவைக்க முடியாததை, அந்த மனிதரையே தன் வேலையை விளக்கச் செய்தால் புரியவைக்கலாம் என்பது அவர் கணக்கு.

அதற்கு அவர் போட்டுக்கொண்ட ஒழுங்கு ரொம்ப எளிமையானது. மௌனப் படக் காலத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படமாக, வரிசையாக. ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்கள்: படம் எந்தச் சூழ்நிலையில் தொடங்கியது, திரைக்கதை எப்படிக் கட்டப்பட்டது, படமாக்கும்போது என்ன சிக்கல் வந்தது, கடைசியில் நினைத்தது கிடைத்ததா. "கலை என்றால் என்ன?" என்ற கேள்வி இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது நான்காவது. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, ஒரு கலைஞர் மனம் திறந்து பேசுவது அங்கேதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1941-இல் வந்த 'சஸ்பிஷன்'. கணவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறானோ என்று மனைவிக்குச் சந்தேகம். இரவில், இருட்டான மாடிப்படியில் கேரி கிராண்ட் ஒரு டம்ளர் பாலோடு ஏறி வருகிறார். பாலில் விஷம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்க்கிறவர் கண் நடிகரின் முகத்துக்குப் போகாமல் அந்த டம்ளரிலேயே நிற்க வேண்டும். பாலுக்குள் ஒரு விளக்கை வைத்தேன் என்கிறார் ஹிட்ச்காக். பால்மேல் வெளிச்சம் அடித்தீர்களா என்று த்ரூஃபோ திரும்பக் கேட்கிறார். இல்லை, டம்ளருக்கு உள்ளேயே என்று பதில் வருகிறது. அந்தத் துணைக்கேள்வி எத்தனை அவசியம் பாருங்கள். சரியாகக் காதில் விழாததுபோல மறுபடி கேட்டதால்தான் நமக்கு விவரம் துல்லியமாகக் கிடைத்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் அது ஏதோ லைட்டிங் தந்திரம் என்ற அளவில் நின்றிருக்கும்.

இதைவிடப் பெரியது 'வெர்டிகோ' (1958) பற்றிய பகுதி. உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் ஒரு மனிதன் மணிக்கூண்டுப் படிக்கட்டில் நின்று கீழே பார்க்கிறான். தரை அவனைவிட்டு விலகி ஓடுவதுபோலத் தெரிய வேண்டும். இந்த எண்ணத்தின் வேர் எங்கே என்று ஹிட்ச்காக் சொல்கிறார். லண்டனில் ஆல்பர்ட் ஹாலில் ஒரு நடன விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டபோது, எதிரே இருந்ததெல்லாம் தன்னைவிட்டுத் தூரம் போவதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த உணர்வை 1940-இல் 'ரெபெக்கா'விலேயே கொண்டுவரப் பார்த்தார், முடியவில்லை. பார்க்கும் இடம் அப்படியே இருக்க வேண்டும், தூரம் மட்டும் நீள வேண்டும். ஆண்டுக்கணக்காக மனசில் போட்டு வைத்திருந்தார். கடைசியில் கேமராவை ட்ராலியில் நகர்த்திக்கொண்டே, அதே நேரத்தில் லென்ஸை எதிர்த்திசையில் ஜூம் செய்ததில் வழி பிறந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. படிக்கட்டின் உச்சியில் கேமராவைத் தூக்கி நிறுத்தி இதை எடுக்க 50,000 டாலர் ஆகும் என்றார்கள். அந்த ஷாட்டில் ஆளே இல்லையே, பார்வை மட்டும்தானே, படிக்கட்டைச் சிறிய மாடலாகச் செய்து பக்கவாட்டில் படுக்க வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். 19,000 டாலரில் முடிந்தது.

இந்த ஒரு பதிலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சொந்த உடம்பில் பட்ட ஓர் அனுபவம், அதைச் சொல்ல வழி தெரியாமல் காத்திருந்த காலம், ஒரு தொழில்நுட்பம், ஒரு பட்ஜெட் கணக்கு. படைப்பு மனம் என்று நாம் பெரிதாகப் பேசுவது இவை நான்கும் சேர்ந்ததுதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் "உங்கள் படைப்பு மனம் எப்படிச் செயல்படுகிறது?" என்று நேராகக் கேட்டிருந்தால் இதில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது.

தோல்விகளையும் அவர் பேசுகிறார். 'ஸ்டேஜ் ஃப்ரைட்' (1950) படத்தில் ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யை ஃபிளாஷ்பேக்காகவே காட்டிவிட்டார். பார்த்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். உடனே, திரையில் ஒருவன் வாயால் பொய் சொன்னால் யாரும் ஆட்சேபிப்பதில்லையே, படமாகச் சொன்னால் மட்டும் ஏன் கூடாது என்றும் கேட்கிறார். தப்பு என்று தெரிந்த பிறகும் அந்த யோசனையை விட மனசில்லை. 'சபோட்டாஜ்' (1936) படத்தில் ஒரு சிறுவன் கையில் குண்டு இருப்பது தெரியாமலே பஸ்ஸில் எடுத்துப்போய்ச் செத்துப்போகிறான். அது தவறு என்று அவரே சொல்கிறார். ஒரு குழந்தையைச் சாகடிப்பது சினிமா தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்குச் சமம் என்கிறார் த்ரூஃபோ. இவ்வளவு நேசத்தோடு வந்தவர் அந்த இடத்தில் சமாதானம் சொல்லாமல் விட்டது இந்தப் புத்தகத்தின் தரத்துக்குச் சாட்சி.

எல்லாக் கதவும் திறந்தது என்று சொல்ல மாட்டேன். மதத்தைப் பற்றிய கேள்விகளில் ஹிட்ச்காக் நழுவுகிறார். சின்ன வயதில் அப்பா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் போலீஸ் நிலையத்துக்கு அனுப்ப, அங்கே சில நிமிடம் தன்னை அடைத்து வைத்தார்கள் என்ற கதையைச் சொல்கிறார். ஊரெல்லாம் சொல்லிப் பழகிய கதை அது. படிக்கிறவர் பாலுக்குள் வைத்த விளக்கையும் இந்தக் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புதிதாக யோசித்துச் சொன்ன பதில் எது, மனப்பாடமான பதில் எது என்று காதுக்குப் பிடிபட்டுவிடும்.

அதே 1962-இல், அக்டோபரில், லண்டனில் இன்னோர் உரையாடல் தொடங்கியது. ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனோடு விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர், பிபிசி வானொலிக்காக. ஒரு வாரத்தில் முடியாமல் 1980-கள்வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. ஹிட்ச்காக் படப்பிடிப்புக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் தீர்மானித்து வைப்பவர். பேக்கன் நேர் எதிர். 1946-இல் வரைந்த, இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தை, வயலில் வந்து இறங்கும் ஒரு பறவையாகத்தான் தொடங்கினாராம். போட்ட கோடுகள் வேறு எதையோ காட்ட, குடைக்கடியில் ஓர் ஆளும் தொங்கும் இறைச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தத் தற்செயலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஒரே விஷயத்துக்கு இருவரும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சில்வெஸ்டர் ஒலிப்பதிவை அப்படியே அச்சில் ஏற்றவில்லை. வெட்டி, இடம் மாற்றி, வெவ்வேறு நாள் பேச்சைக் கோத்துக் கட்டினார். அதை மறைக்கவுமில்லை.

இது நேர்மையா என்று கேட்பவர்கள் உண்டு. 1953-இல் முதல் இதழிலேயே இ. எம். ஃபார்ஸ்டரின் நேர்காணலோடு தொடங்கிய 'பாரிஸ் ரிவ்யூ' இலக்கிய இதழும் எழுத்தாளரிடம் நேர்காணலின் படியைக் கொடுத்துத் திருத்த விடுகிறது. எனக்கு இதில் தயக்கமே இல்லை. வாழ்நாளெல்லாம் அடித்துத் திருத்தி எழுதுகிறவரிடம், முதல் மூச்சில் வந்ததுதான் உண்மை என்று சொல்லி அதையே அச்சிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

நம் பக்கத்தில், 2012-இல் சினிமா விமர்சகர் பரத்வாஜ் ரங்கன் இயக்குநர் மணிரத்னத்தோடு நடத்திய உரையாடல் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அதுவும் படம் படமாகத்தான் போகிறது. சிறுபத்திரிகைகளில் நீண்ட நேர்காணல்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றில் அரசியல் நிறைய, பழைய சண்டைகள் நிறைய, விருதுகள் நிறைய. ஒரு வாக்கியத்தைப் பற்றிய கேள்வி அபூர்வம். இது எனக்கு உண்மையான வருத்தம். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினாரே, ஒரு கோடு எந்த இடத்தில் போதும் என்று நின்றது என்பதை அவரிடம் படம் படமாகக் கேட்டு ஒரு முழுப் புத்தகம் செய்திருக்க வேண்டும். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரனிடம், அந்த இரைச்சலான உலகத்தை இவ்வளவு சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதத் தீர்மானித்தது எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்.

அந்த இருவரிடமும் இனிக் கேட்க முடியாது. ஆனால் இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஒருவரிடம் போகும்போது கைப்பிரதி இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் அடித்த வரி ஒன்றைக் காட்டி, இதை ஏன் அடித்தீர்கள் என்று தொடங்குங்கள்.