வீட்டுப் பிராணிகளுக்கு வைத்தியரைத் தெரிந்தெடுத்தல்

மணப்பாறைச் சந்தையிலோ ஒட்டன்சத்திரம் சந்தையிலோ ஒரு ஜோடி மாடு பிடிக்கச் செல்லும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார், தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை படியும் வரையில் நாலு பேரைக் கலந்துகொள்வார். அதே மாடு வீடு வந்து சேர்ந்து, ஒருநாள் தீனி எடுக்காமல் படுத்துவிட்டால், வைத்தியம் பார்க்க வருபவர் யார், எங்கே படித்தவர், அவர் போடும் ஊசியில் இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. தோட்டக் காவலுக்கும் பிள்ளைகளின் பிரியத்துக்கும் வளர்க்கும் நாயின் விஷயத்தில் அந்த அளவு கவலைகூடப் படுவதில்லை.

அந்த விசாரணையைச் செய்யும் விதம் பற்றியே இங்குச் சொல்லப்புகுகிறோம். பிராணி நல்ல நிலையில் இருக்கும்போதே வைத்தியரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு ஈனும் பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கும்போது தெரிந்தெடுப்பதற்கு அவகாசம் இராது, அகப்பட்டவரே வைத்தியராகிவிடுவார்.

முற்காலத்தில் தெரிந்தெடுப்பதற்கே வழியில்லை. சென்னை மாகாணத்தில் மிருக வைத்திய இலாகா ஏற்பட்டது 1892-ல். வேப்பேரியில் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1903-ல். அந்நாட்களில் வெக்கை நோய் ஒரு ஊருக்குள் புகுந்தால் தொழுவங்கள் காலியாகிவிடும். அந்நோய்த்தொற்று இல்லாத நாடாக இந்தியா 2006-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. உலகெங்கும் அது ஒழிந்ததென்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்ட மருத்துவர்களும் ஊழியர்களுமே இதற்குக் காரணம். நாமக்கல்லில் 1985-ல் ஒரு கல்லூரி ஏற்பட்டது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும்கூட இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. திண்டுக்கல் சமவெளியில் இன்று வைத்தியருக்குப் பஞ்சமில்லை. வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு தோல்பையுடன் வருவோரில் உண்மையானவர் யார் என்பதே கேள்வி.

இதற்குச் சட்டமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் பெற்று மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே கால்நடை மருத்துவம் செய்யலாம். கால்நடைப் பணிக்கான சான்றிதழ் பெற்ற ஊழியர்கள், மாநில அரசின் அனுமதியுடன், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்றவை அத்தகையவை. அதற்கு மேற்பட்டது அவர்கள் வேலையன்று. ஆகவே புதிதாக வரும் ஒருவரிடம், “ஐயா, தங்கள் பதிவு எண் என்ன?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பட்டம் பெற்றவர் அதைத் தம் மருந்துச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார். இக்கேள்விக்குக் கோபித்துக்கொள்பவரை அனுப்பிவிடுவது உத்தமம்.

ஊர்க் கிளை நிலையத்தில் இருப்பவர் கால்நடை ஆய்வாளர்; மருந்தகத்தில் இருப்பவர் கால்நடை உதவி மருத்துவர். இவ்விருவரையும் ‘டாக்டர்’ என்ற ஒரே பெயரால் அழைப்பது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர்களில் அனுபவம் மிக்க நல்லவர் அநேகர் உண்டு. அவர்களில் நேர்மையானவர், “இது என்னால் ஆகாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்” என்று தாமே சொல்லிவிடுவார். அவ்வாறு சொல்பவரைக் கைவிடலாகாது. மருத்துவரிடத்திலும் இதே குணத்தைத் தேட வேண்டும். பசுவுக்குப் பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர், நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கும் சிகிச்சையை அடிக்கடி செய்திருக்க மாட்டார். அதற்குரிய சாதனங்களும் சிறு மருந்தகத்தில் இரா. அப்போது பெரிய மருத்துவமனைக்கோ கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைக்கோ சீட்டு எழுதிக் கொடுப்பவரே நம்பத்தக்கவர்.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அவர் பிராணியைப் பார்க்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வந்தவுடன் ஊசியை எடுப்பவர் நல்ல வைத்தியரல்லர். ஆசனவாயில் உஷ்ணமானியை வைத்துச் சூடு பார்ப்பதும், இமையின் உட்புறத்தையும் ஈறையும் புரட்டி நிறம் பார்ப்பதும், மாட்டின் இடது விலாப்பள்ளத்தில் செவிக்குழாய் வைத்து இரைப்பை அசைகிறதா என்று கேட்பதும் தேர்ந்த வைத்தியரின் முறை. மனிதனுக்குக் காய்ச்சல் எனப்படும் 101 பாகைச் சூடு பசுவுக்கும் நாய்க்கும் இயற்கையானது; இதை அறியாதவர் இல்லாத காய்ச்சலுக்கு ஊசி போட்டுப் பணம் பெற்றுச் செல்வர். அவர் கேட்கும் கேள்விகளும் முக்கியமே. எப்போது ஈன்றது, சாணம் எப்படி, எங்கே மேய்ந்தது? வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பயிரிலுள்ள நஞ்சே காரணம். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் மேய்ச்சலைப் பற்றி விசாரித்து அறிந்தவரே அதைக் காலத்தில் கொடுப்பார். கேளாதவர் வயிற்று உப்புசமென்று எண்ணி எண்ணெய் புகட்டிக்கொண்டிருப்பார்.

இனி நாயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே மனித உயிரும் சேர்ந்திருக்கிறது. கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நல்ல சாதி நாய்களை அதிக விலை கொடுத்து வாங்குவோர் நம்மிடையே உண்டு. சாதி எதுவாயினும், தெருவில் பிறந்த நாயாயினும், வெறிநோய்க்குப் பேதமில்லை. வெறிநாய் என்றாலே குரைத்துத் துரத்திக் கடிப்பது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். இந்நோயின் மற்றொரு வகையில் நாய் சாந்தமாகவே இருக்கும். கீழ்த்தாடை தொங்கிப்போகும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, குரல் மாறும். வீட்டார், “தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது” என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவர். அரைகுறை வைத்தியரும் அப்படியே செய்வார். கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் எச்சிலிலுள்ள கிருமி உடலில் ஏறிவிடும். மனிதனுக்கு நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. பசுவுக்கும் எருமைக்கும் வெறிநாய் கடித்து இந்நோய் வருவதுண்டு. மாடு ஓயாமல் கத்தும், எச்சில் வடிக்கும். அங்கேயும் தேங்காயோ கிழங்கோ அடைத்ததென்று வாய்க்குள் கைவிடுவோர் இருக்கிறார்கள். தேர்ந்த மருத்துவர் வாயைத் திறக்குமுன் கேட்கும் முதல் கேள்வி, “சமீபத்தில் ஏதாவது நாய் கடித்ததா? தடுப்பூசி போட்டிருக்கிறதா?” என்பதாகும். கையுறை மாட்டிய பின்னரே அவர் பிராணியைத் தொடுவார். இந்தக் கேள்வியைக் கேளாதவரை வீட்டுக்குள் விடலாகாது என்பது எமது அபிப்பிராயம்.

தென்னாட்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் ஏற்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் மனிதருக்கு இத்தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. கடியுண்டவர் முதலில் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே செல்ல வேண்டும். நாய்க்கோ குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசியும், பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். இங்கேயும் வைத்தியரைத் தெரிந்தெடுக்கும் காரியம் உண்டு. தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை சென்டிகிரேடு குளிரிலேயே கெடாதிருக்கும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மருந்தைப் போட்டுவிட்டு, “ஊசி போட்டாயிற்று” என்பவரால் நாய்க்கும் பயனில்லை. வீட்டாருக்குப் பொய்யான தைரியம் மட்டும் மிஞ்சும். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுக்கிறாரா, புட்டியின் சீட்டைப் பிராணியின் புத்தகத்தில் ஒட்டித் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து நாயைப் பாம்பு கடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். விஷமுறிவு மருந்து தம்மிடம் இருக்கிறதா, இல்லையேல் எங்கே கிடைக்கும் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம். பூனை வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை: மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம். மருந்துக்கடைக்காரரை வைத்தியராகக் கொள்வதன் பலன் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பவரையே அமர்த்துக. டைக்ளோபெனாக் என்னும் வலிநீக்கி ஊசி கால்நடைகளுக்கு 2006-லேயே தடைசெய்யப்பட்டது. அம்மருந்து செலுத்தப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. மனிதருக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குப் பயன்படுத்தி வந்தமையால் அவையும் 2015-ல் நிறுத்தப்பட்டன. பெயரில்லாத ஊசி போடுபவர் எதைப் போடுகிறார் என்று யாருக்குத் தெரியும்? கறவை மாட்டுக்குக் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தினால் அதில் குறித்துள்ள நாட்கள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. இதைச் சொல்லாத வைத்தியர் பால் குடிக்கும் குழந்தைகளை நினைத்துப் பார்க்காதவர். ஈன்றபின் படுத்துவிட்ட பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவதும் விளையாட்டன்று. மெல்ல ஏற்றினால் பசு எழுந்து நிற்கும். வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும்.

நாட்டு வைத்தியம் முழுவதும் தள்ளத்தக்கதென்று நாம் கூறவில்லை. மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே ஆராய்ந்து பரப்பியிருக்கிறார்கள். ஆயினும் விழுங்கமாட்டாத மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கிற்குழாயால் கஷாயம் புகட்டுவது, மருந்தை நுரையீரலுக்கு அனுப்பிக் கொல்வதாகும்.

கிராம அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒன்று. 2009-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அடைப்பான், வெறிநோய், கோமாரி முதலிய நோய் கண்டதாக ஐயம் தோன்றினால் உரிமையாளர் அதனைக் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும்; அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் ஒழுகும் மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ விடலாகாது; அடைப்பான் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து உயிர்க்கும். தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவரும் திண்டுக்கல்லில் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவரின் பெயர், பதிவு எண், தொலைபேசி எண் ஆகியவற்றுடன் கால்நடை ஆம்புலன்சை அழைக்கும் 1962 என்ற எண்ணையும் தொழுவத்துச் சுவரில் கரியாலாவது எழுதி வைக்கலாம். அழைக்கும்போது பிராணியின் வயது, சினையா கறவையா என்பது, கடைசியாகத் தீனி எடுத்த நேரம், அதுவரை கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்பே வேறொருவர் ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அதே மருந்து இரண்டாம் முறையும் ஏறிவிடக்கூடும்.