க்ரூஸர் பைக்கில் கழற்றி மாட்டும் பைகள்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் தொங்கும் பைகளுக்குச் சாடில்பேக் என்று பெயர். குதிரைச் சேணத்தில் தொங்கிய பைகளே இவற்றுக்கு மூதாதை. க்ரூஸர் வண்டிகளுக்கு இவை நன்றாகப் பொருந்துவதற்கு வண்டியின் அமைப்பே காரணம். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இன் இருக்கை உயரம் 765 மி.மீ. மட்டுமே. அந்தத் தாழ்வோடு சுமையும் தாழ்வாக, பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் வண்டி நிதானமாக ஓடும். அதே சுமையைச் சீட்டுக்குப் பின்னால் உயரமாகக் கட்டினால் முன்சக்கரம் லேசாகிவிடும். வளைவுகளில் அது உடனே தெரியும்.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோலின் அழகையும் எத்தனை லிட்டர் என்பதையும் கேட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, பை எப்படி மாட்டப்படுகிறது, எப்படிக் கழல்கிறது என்பதைத்தான். மிக எளியது, இரண்டு பைகளையும் அகல வாரால் இணைத்து பின்சீட்டின் மேலோ அடியிலோ போடும் வகை. எந்த வண்டிக்கும் பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் தாங்க ஏதும் இல்லாத பை ஆடும். மட்கார்டின் பெயின்ட்டைத் தேய்க்கும். சுமை கூடினால் உட்புறமாகச் சாய்ந்து சக்கரத்தில் சிக்கவும் கூடும். இதைத் தடுக்கத்தான் ‘சாடில் ஸ்டே’ என்னும் இரும்புச் சட்டம். அதை வண்டியோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், பை அதன்மேல் சாய்ந்து நிற்கும். பையைக் கழற்றிய பிறகும் சட்டம் வண்டியிலேயே இருக்கும் என்பதால், வெறும் சட்டத்தோடு வண்டி எப்படித் தெரிகிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகை, வண்டியில் சிறு கொளுவிகள் மட்டும் நிலையாக இருக்க, கெட்டியான பெட்டியை அவற்றில் செருகிப் பூட்டுவது. ஹார்லி-டேவிட்சன் 2012 மாடலாகக் கொண்டுவந்த டைனா ஸ்விட்ச்பேக்கின் பெட்டிகளைக் கருவி எதுவும் இல்லாமலே கழற்றலாம். இந்த வகைக்கு விலை அதிகம். அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

பை பிடித்துப்போனாலும் அதை வண்டியில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. சைலன்ஸரே பெரிய எதிரி. நைலான் உருகும், தோல் கருகும். பைக்கும் சைலன்ஸருக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருக்க வேண்டும். அதுவும் வண்டி நிற்கும்போது மட்டும் இருந்தால் போதாது. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போதும் பை எதிலும் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். க்ரூஸர்களில் பின் இண்டிகேட்டர்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் பை அவற்றை மறைத்துவிடுவது சகஜம். அப்படி மறைத்தால் இண்டிகேட்டரை நகர்த்தித்தான் ஆக வேண்டும். பின்னால் உட்காருபவரின் கால் பையில் இடிக்கிறதா என்பதை அவரையே உட்காரவைத்துக் கேட்பதுதான் வழி.

மழைக்குத் தோல் பை ஏற்றதல்ல. நனைந்தால் கனக்கும், வார் நீளும், சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அழகுக்காகத் தோலையே விரும்புகிறவர்கள் உள்ளே தண்ணீர் புகாத தனிப்பை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடும் துணிப்பைகள் ஜிப் வைத்தவற்றைவிட நன்றாகத் தண்ணீரைத் தடுக்கும். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. துணிப்பையைக் கத்தியால் கிழித்துவிடலாம் என்பதால் அதில் பூட்டு இருந்தும் பெரிய பயனில்லை; இரவில் கழற்றி அறைக்குள் கொண்டுபோவதே பாதுகாப்பு. எடுத்துச் செல்லக் கைப்பிடி உண்டா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

பையில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது. பையின் தாங்குதிறனும், வண்டியின் கையேடு சொல்லும் மொத்த எடை வரம்பும் வேறு வேறு. இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் எடை ஏறத்தாழச் சமமாகவும், கனமானவை அடியிலும் இருக்கட்டும். சுமைக்கேற்ற டயர் காற்றழுத்தத்தையும் கையேட்டில் பார்த்து வைக்க வேண்டும்.

வார இறுதியில் மட்டும் வெளியூர் போகிறவருக்குச் சாடில் ஸ்டேயும் துணிப்பையும் போதும். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் மட்டுமே பெட்டிக்குச் செலவழிக்கலாம். எதை மாட்டினாலும், முதல் பயணத்தில் சிறிது தூரம் ஓடியதும் வண்டியை நிறுத்தி நட்டுகளை மறுபடி முடுக்கி, தொங்கும் வார் நுனிகளைச் செருகிக்கொள்ளுங்கள்.